பதினோரு அடி நான்கு அங்குலம்

இந்த ஆடு இந்த வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் நான் இருக்கக் கூடாது. இப்படி ஒரு முடிவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டே கால் மணிக்கு எடுத்தார் டேப்பு. முடிவின் முதல் பாதிதான் அவர் உண்மையாக நினைத்தது. இரண்டாம் பாதியைப் பேச்சுக்கு ஒரு கெத்தாக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டார். பாவி மனுஷன், அதைச் சேர்க்காமலே விட்டிருக்கலாம்.

டேப்பு என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. நகராட்சியின் கட்டடப் பிரிவில் இருபத்தெட்டு வருஷமாக அளவெடுக்கிறவர். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சுருள் டேப் இருக்கும். மகள் பிறந்தபோது நர்ஸ் பத்தொன்பது அங்குலம் என்று சொன்னதை நம்பாமல், தொட்டிலில் டேப்பை நீட்டிப் பார்த்து, பத்தொன்பதே கால் என்று திருத்தியவர். ஆபீசில் வைத்த பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த அம்மாள் ஒரு வக்கீல் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் டைப் அடித்தவள். மனு, எதிர்மனு, மேல்மனு என்று அவள் விரல் படாத மனுவே அந்த வட்டாரத்தில் கிடையாது. வக்கீலுக்கு வயதாகிவிட்டது. ஆபீசை மூடிவிட்டு மகன் வீட்டு நான்காவது மாடிக்குக் குடிபோனார். போகும்போது அவளைக் கூப்பிட்டு, டைப்ரைட்டர் வேண்டுமா, கொல்லையில் நிற்கிற ஆடு வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். எங்க வீட்டுக்காரருக்கு டைப்ரைட்டர் சத்தம் ஆகாது சார் என்று சொல்லிவிட்டு, அவள் ஆட்டைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆகாது என்பது நிஜம்தான். அவள் வீட்டுக்கும் வேலை கொண்டுவந்து சாயங்காலமெல்லாம் டைப் அடித்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் டேப்பு தோட்டத்துக் கடைக்கோடியில் தனக்கென்று ஓர் அறை கட்டிக்கொண்டார். பத்துக்குப் பன்னிரண்டு. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ, அலமாரி நிறையப் பழைய வரைபடங்கள். ஆபீஸ் விட்டு வந்தால் நேரே அங்கேதான். சத்தத்தை மட்டும் வெளியே விட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். அவளையும் சேர்த்து விட்டுவிட்டு வந்தது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

ஆட்டுக்கு உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. எதைச் சொன்னாலும் முகம் மாறாமல் மென்றுகொண்டே கேட்கும். அதனால் ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தாள். டேப்பு ஆபீசில் இருந்த ஒரு நாளில் தச்சரைக் கூப்பிட்டு, தோட்டத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றும் எழுப்பிவிட்டாள். சாயங்காலமானால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். தழையை நீட்டிக்கொண்டே பேச்சு ஆரம்பிக்கும். முட்டிவலி, தெருக்குழாயில் தண்ணீர் வராதது, வக்கீலுக்கு நான்காவது மாடியில் பொழுது போகாதது என்று ஒன்று விடாமல் சொல்லுவாள். ஜட்ஜம்மா குறுக்கே பேசாது.

முதலில் டேப்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். பிறகு அணைத்தே விட்டார். சொல்ல வெட்கம்தான், மனைவி பேசுவதை ஜன்னலோரம் நின்று ஒட்டுக் கேட்க ஆரம்பித்தார். அப்படித்தான் ஒருநாள் தம் மகள் வீடு மாறிவிட்டாள் என்கிற சேதி அவருக்குத் தெரிய வந்தது. புது வீட்டில் மூன்று ஜன்னலாம், சமையலறையில் நல்ல வெளிச்சமாம். பெற்ற தகப்பனுக்கு அது ஆடு வழியாக வந்து சேர்ந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டேவிட்டார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ரெண்டு தடவ சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ம்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பார். இருபது வருஷமாக அவர் சொல்லிவந்தது அது ஒன்றுதானே. அன்றிலிருந்து டேப்புக்கு உள்ளே ஏதோ அரிக்க ஆரம்பித்தது. பொறாமைதான், வேறென்ன. என்னிடமும் கொஞ்சம் பேசேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆம்பிளை, அதிலும் அரசாங்க உத்தியோகம், வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஆட்டின் மேல் குற்றம் கண்டுபிடிக்கப் புறப்பட்டார்.

"நாத்தம் தாங்கல."

"ஜன்னல சாத்துங்க."

"சாத்தினா காத்து வராது."

"காத்து வராத எடத்துல நாத்தம் மட்டும் எப்படிங்க வரும்? அப்ப சாத்திடுங்க."

கத்துகிறது என்றார். கத்தவில்லை, கூப்பிடுகிறது, கூப்பிட்டால் நான் போகிறேன், உங்களைக் கூப்பிட்டால் நீங்கள் வருகிறீர்களா என்றாள். 

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானச் சாப்பாடு முடித்துச் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருந்தவருக்குத் திடீரென்று விதி ஞாபகத்துக்கு வந்தது. தலைவிதி இல்லை, நகராட்சி விதி. குடியிருப்புப் பகுதியில் ஆடு மாடு கட்டும் கொட்டகை, மனிதர் வசிக்கும் எந்த அறையிலிருந்தும் முப்பது அடிக்குள் இருக்கக் கூடாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த விதிக்கு வரைவு எழுதியதே டேப்புதான். எழுதியவருக்கே மறந்துபோயிருந்தது.

அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அளந்தார். கொட்டகையிலிருந்து பெரிய வீட்டுச் சுவருக்கு முப்பத்து நாலு அடி, தப்பில்லை. பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரின் சமையலறைக்கு முப்பத்தொரு அடி, அதுவும் தப்பில்லை. அவருடைய சொந்த அறைக்குப் பதினோரு அடி நான்கு அங்குலம். டேப்பு சந்தோஷத்தில் டேப்பை விட்டுவிட, அது படாரென்று சுருண்டு அவர் விரலைக் கடித்தது. ஜட்ஜம்மா மென்றுகொண்டே பார்த்தது.

நேரே அவளிடம் போய் விதியைச் சொல்லலாம். சொன்னால் அவள் எதிர்மனு போடுவாள், வாயாலேயே. ஆகவே பெயர் போடாமல் ஒரு புகார். இடது கையால், குழந்தை எழுதுவது போல எழுத்து எழுத்தாக எழுதினார். தெருப் பெயரைக் குறிப்பிட்டு, ஒரு வீட்டில் இன்ன மாதிரி ஆடு வளர்க்கிறார்கள், கொட்டகைக்கும் பின்னறைக்கும் இடைவெளி பதினோரு அடி நான்கு அங்குலம் மட்டுமே, பொதுமக்களின் சுகாதாரத்தைக் கருதி உடனே நடவடிக்கை எடுக்கவும், இப்படிக்கு நலம் விரும்பி. சும்மா 'ரொம்பக் கிட்டத்தில்' என்று எழுதியிருந்தால் போதும். அளக்காத தூரத்தை எழுத அவர் கைக்குப் பழக்கமில்லை, இடது கைக்குக்கூட. உறையில் போட்டு, மறக்காமலிருக்கச் சாப்பாட்டுப் பையின் ஓரத்தில் செருகிவைத்தார்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் வாசலில் இருக்கும் புகார்ப் பெட்டியில் போட்டாயிற்று. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். மூன்று அடுக்கிலும் அவருக்குப் பிடித்ததாகவே வைத்திருந்தாள். அப்படியே மூடிவைத்தார். எழுந்துபோய், பெட்டியின் வாய்க்குள் டேப்பை விட்டு உறையை நெம்பி எடுக்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அட்டெண்டர் பின்னால் வந்து நின்று, என்ன சார், பெட்டியோட ஆழம் அளக்கறீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் டேப்பு. பதினாலு அங்குலம் என்று நோட்டில் குறித்தும் வைத்தார். உறை உள்ளேயேதான் கிடந்தது.

நாலாம் நாள் நோட்டீஸ் வீட்டுக்கு வந்தது. வீடு அவள் பெயரில் இருந்ததால் அவளுக்குத்தான் வந்தது. அழுவாள், ஆட்டைக் கட்டிக்கொண்டு புலம்புவாள், நாம் தோளில் தட்டி ஆறுதல் சொல்லலாம், அந்தச் சாக்கில் நாலு வார்த்தை பேசலாம் என்றெல்லாம் டேப்பு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவள் நோட்டீசைத் திருப்பி, எந்த விதி, எத்தனையாவது பிரிவு என்று பார்த்தாள். விதிப் புத்தகம் ஒன்று ஆபீசிலிருந்து கொண்டு வாருங்கள் என்றாள். அவ்வளவுதான்.

அந்த அமைதி டேப்புக்குப் பிடிக்கவில்லை. யாராக இருக்கும் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு இவரே பதில் சொன்னார், பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரராக இருக்குமோ என்னமோ என்று. அந்த மனுஷர் சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் சட்டென்று நின்றது. சனிக்கிழமை தோறும் சுவர் மேல் கையை வைக்கச் சொல்லி டேப்புக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறவர் அவர். பத்து வருஷப் பழக்கம். அந்தச் சனிக்கிழமை டேப்பு கையை நீட்டிக்கொண்டு நின்றார். யாரும் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் அதிகாரி அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். புதிதாக மாற்றலாகி வந்தவர், வயதில் சின்னவர், எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. உங்கள் சொந்த வீட்டை நீங்களே அளக்கக் கூடாது சார் என்று சொல்லி, டேப்பின் ஒரு நுனியை அட்டெண்டரிடம் கொடுத்து மறுநுனியைத் தாமே பிடித்தார். டேப்பு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தம்முடைய டேப்பை இன்னொருவர் பிடிப்பதை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

பதினோரு அடி நான்கு அங்குலம். அதிகாரி கையிலிருந்த புகாரைப் பார்த்தார், நீட்டிய டேப்பில் இருந்த அளவைப் பார்த்தார், மறுபடி புகாரைப் பார்த்தார்.

"அங்குலம் வரைக்கும் சரியா எழுதியிருக்காரே. சுவருக்கு வெளிய நின்னு இதை எப்படி அளந்தாரு?"

சுவருக்கு மேலே மருந்துக்கடைக்காரரின் தலை தெரிந்தது. நான் இல்லைம்மா, என் பிள்ளைகள் மேல் சத்தியமாக நான் இல்லை என்றார்.  டேப்புக்கு அப்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தவறான புகாரோ இல்லையோ, ஆபீசில் இருக்கிறவனே பெயரை மறைத்துத் தன் ஆபீசுக்குப் புகார் எழுதினான் என்று வெளியே வந்தால் இருபத்தெட்டு வருஷ மானம் அந்தத் தோட்டத்திலேயே போய்விடும். அதைவிட, அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதிகாரி அம்மாளோ விடுகிற மாதிரி இல்லை. இந்த வீட்டுக்குள்ளே வந்து போகிறவர்கள் யார் யார் என்று கேட்டு, பேனாவைத் திறந்தார்.

அப்போது காப்பாற்றியது மனைவிதான்.

"அது யாரா இருந்தா என்னம்மா, உள்ளதைத்தானே எழுதியிருக்காங்க. நான் பதில் கொண்டு வந்திருக்கேன், அதப் பாருங்க."

விதிப் புத்தகத்தை விரித்து நீட்டினாள். விதி ஏழு, மூன்றாம் பிரிவு. கால்நடையைப் பராமரிக்கும் ஆள் தங்குகிற அறைக்கு முப்பது அடி தூரம் பொருந்தாது. ஊர் எல்லையில் இருக்கும் மாட்டுப் பண்ணைகளை நினைத்து டேப்பு சேர்த்த பிரிவு அது. பண்ணைக்காரர்கள் ஏமாற்றிவிடுவார்களோ என்று, நிபந்தனைகளையும் அவரே பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தார். பராமரிப்பாளர் அந்த அறையில்தான் இரவு தங்க வேண்டும். தீனி வைப்பது, தண்ணீர் காட்டுவது, சாணம் புழுக்கை அகற்றுவது எல்லாம் அவர் கையாலேயே செய்ய வேண்டும். ஆள் மாறினால் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். தப்பிக்க ஒரு பொத்தல்கூட விடாத வேலை. அந்த வரைவுக்காக அப்போது அவருக்குப் பாராட்டுக் கடிதமெல்லாம் கொடுத்தார்கள்.

கூடவே ஒரு உறுதிமொழிப் பத்திரமும் வைத்திருந்தாள். அவளே அடித்தது, வக்கீலிடம் போய் டைப்ரைட்டரை ஒருநாள் இரவல் கேட்டிருக்கிறாள். பின்னறை என்பது ஜட்ஜம்மாவைப் பராமரிக்கும் ஆளின் அறை. கீழே ஒரு கோடு, அதன் கீழே 'பராமரிப்பாளர் கையொப்பம்'. அதிகாரி அம்மாள் நிதானமாகப் படித்தார். சட்டப்படி சரிதான், ஆனால் பராமரிப்பாளர் யார் என்று கேட்டார். அவள் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

டேப்பு வாயைத் திறந்தார். ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். ஆனால் அதிகாரி மறுபடி புகாரைக் கையில் எடுத்துவிட்டார்.

"அது இருக்கட்டும். இந்த நாலு அங்குலம்தான் எனக்குப் புரியல…"

"பேனா குடும்மா," என்றார் டேப்பு.

போட்டார். தேதியும் போட்டார். அதிகாரி முத்திரை குத்திவிட்டுப் போனார். போகும்போது, சார் மாதிரி ஆபீசர்களே முன்னுதாரணமாக இருந்தால் எங்களுக்கு வேலை சுலபம் என்றார். அட்டெண்டர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை.

அன்று மாலையே அவருடைய தலையணையும் போர்வையும் பின்னறைக்கு வந்து சேர்ந்தன. விதி அப்படி, நான் என்ன செய்ய என்றாள். காலையில் ஐந்தரைக்கு எழுந்து தழை, தவிடு, தண்ணீர், விளக்குமாறு. புழுக்கை இத்தனை உருண்டையாக, இத்தனை ஒரே அளவாக இருக்கும் என்று அவருக்கு இத்தனை நாள் தெரியாது. ஆபீசில் யாரோ அவர் மேசையில் ஒரு கட்டுப் புல் வைத்துவிட்டுப் போனார்கள். அதைக் கூடத் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது சாயங்காலம்தான். அவள் வழக்கம் போல முக்காலியைப் போட்டு ஜட்ஜம்மாவிடம் பேசுவாள். இவர் அந்தப் பக்கம் குனிந்து கூட்டிக்கொண்டிருப்பார். முன்னேயாவது நடுவில் ஒரு சுவர் இருந்தது. இப்போது இரண்டடி தூரத்தில் நின்று, தன்னிடம் சொல்லாத பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். யார் புகார் போட்டிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று ஒருநாள் அவள் ஆட்டிடம் சொன்னாள்.  தான் மாட்டிக்கொள்ள இருந்த இடத்தில் பேச்சை மாற்றிக் காப்பாற்றியவள், அது தெரியாமலே வாழ்த்துகிறாளே. இவளுக்கா இந்தத் துரோகத்தைச் செய்தோம் என்று அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் ஈரத்திலும் பனியிலும் இருமல் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை காலையில் கொட்டகையில் இருமிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு மேலே ஒரு கை நீண்டு, மாத்திரை அட்டை ஒன்றை வைத்துவிட்டு மறைந்தது.  டேப்பு விளக்குமாற்றைக் கீழே போட்டார். சுவரோரம் போய், புகார் போட்டது நான்தான், உங்கள் மேல் வாய் கூசாமல் பழி போட்டேன், மன்னிச்சிடுங்க என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மருந்துக்கடைக்காரர் உள்ளே போய்க் கருவியை எடுத்து வந்தார். பிறகு கையை நீட்டுங்கள் என்று பட்டையைச் சுற்றி, ரத்த அழுத்தம் பார்த்தார். ரொம்ப ஏறியிருக்கிறது, வீட்டிலும் சொல்லிவிடுங்கள், இறங்கிவிடும் என்றார்.

அன்று சாயங்காலம் அவள் முக்காலியில் உட்காருவதற்கு முன்பே டேப்பு எதிரே போய் நின்றார். கையில் தவிட்டு வாளி.

"ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் புகார எழுதினது நான்தான்."

அவள் தழைக்கட்டைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

"நீ அதுகிட்டயே பேசிட்டு இருந்த. என்கிட்டப் பேசவே இல்ல. அது போயிட்டா என்கிட்டப் பேசுவன்னு நெனச்சேன். தப்புதான். ரொம்பத் தப்பு."

சொல்லிவிட்டார். இருபது வருஷமாக வராத வாய் வந்துவிட்டது. கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. தவிட்டுத் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"பேசுன்னு கேக்கறதுக்கு எந்த ஆபீஸ்லங்க அனுமதி வாங்கணும்? கேட்டிருந்தா பேசியிருப்பேனே."

"உனக்கு என்மேல கோவம் இல்லையா?"

"படிச்சப்ப இருந்துச்சு."

"எப்பப் படிச்ச? நோட்டீஸ் வந்தப்பவா?"

"சாப்பாட்டுப் பையில வச்சிருந்தீங்களே, அன்னைக்கே. கதவு நம்பர் எழுத மறந்துட்டீங்க. கதவு நம்பர் இல்லாத புகார உங்க ஆபீஸ்ல குப்பையிலதானே போடுவாங்க? நான்தான் எழுதி, மறுபடி ஒட்டி வச்சேன்."

டேப்பு வாளியைக் கீழே வைத்தார்.  அவளே காரணமும் சொன்னாள். கொட்டகைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டால் உங்கள் ஆபீசில் ஒரு வருஷம் ஆகும், புகார் என்றால் பதினைந்தே நாளில் அதிகாரியே வீட்டுக்கு வந்து முத்திரை குத்திவிட்டுப் போகிறார்கள். இருபத்திரண்டு வருஷம் இதையெல்லாம் அடித்த கைக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்டாள். அவர் பக்கமாக இன்னொரு முக்காலியைத் தள்ளினாள். டேப்பு உட்கார்ந்தார். எவ்வளவோ நாளைக்கு அப்புறம் அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"இன்னும் ரெண்டு ஆடு வாங்கலாம்னு இருக்கேன். திங்கக்கிழமை ஆபீஸ் போறதுக்குள்ள ஒரு புகார் எழுதி வச்சிடுங்க."